டைனமோவா, ஆல்டர்னேட்டரா, முதலில் ஒயரிங்கா? செட்டிநாட்டுப் பழைய கார்களுக்கு ஓர் ஒப்பீடு

போன தை மாதம் கண்டனூரில் ஒரு மாப்பிள்ளை அழைப்பு. எங்கள் வீட்டு அம்பாசிடர் மார்க் 2தான் மாப்பிள்ளை வண்டி. சம்பங்கி மாலை சுற்றி, கிரில்லில் சீரியல் பல்பு கட்டி, நாதஸ்வரக்காரர்களுக்குப் பின்னால் நடை வேகத்தில் ஊர்ந்து போனது. ஹெட்லைட் எரிந்தபடியே ஐம்பது நிமிடம். முதல் தெருவில் வெள்ளையாக இருந்த வெளிச்சம் இரண்டாவது தெருவில் எலுமிச்சை நிறமானது. கல்யாண வீட்டு முகப்பை நெருங்கும்போது அகல் விளக்கின் நிறத்துக்கு வந்திருந்தது. ஹாரனை அழுத்தினால் தொண்டை கட்டியவர் கனைப்பதுபோல ஒரு சத்தம். மாப்பிள்ளையை இறக்கிவிட்டு டிரைவர் என்ஜினை நிறுத்தினார். பிறகு செல்ஃப் எடுக்கவில்லை. பட்டு வேட்டியோடு நான்கு பேர் தள்ளித்தான் வண்டி வாசலை விட்டு நகர்ந்தது.

மறுநாள் காலைப் பலகாரத்துக்கு உட்காரும்போதே யோசனைகள் வந்துவிட்டன. (என்ஜின் ஓடும்போது மின்சாரம் தயாரித்துப் பேட்டரியைச் சார்ஜ் செய்வது பழைய வண்டிகளில் டைனமோ, பிந்தைய வண்டிகளில் ஆல்டர்னேட்டர்.) ஐந்து பேரில் நான்கு பேர் சொன்னது ஒன்றுதான்: “அண்ணே, அந்த டைனமோவைக் கழற்றிப் போட்டுவிட்டு மாருதி ஆல்டர்னேட்டரை மாட்டுங்கள்.” காரைக்குடியில் நெடுங்காலமாக வண்டி ஒயரிங் பார்க்கும் எலக்ட்ரீஷியன் ஒருவர் மட்டும், “ஐயா, முதலில் மீட்டரை வைத்துப் பாருங்கள், டைனமோ மேல் பழி போடாதீர்கள்” என்றார்.

பேட்டரியை இரவு முழுக்க சார்ஜ் ஏற்றிவிட்டு மீட்டரை வைத்தோம். ஹெட்லைட் எரியும்போது பேட்டரி முனையில் 12.3 வோல்ட். அதே நேரத்தில் பல்பின் கனெக்டரில் 10.5 வோல்ட்தான். வழியில் 1.8 வோல்ட்டை ஒயரும் சுவிட்சும் விழுங்கிக்கொண்டிருந்தன. பல்புக்குப் போகும் வோல்ட்டேஜ் பத்து சதவீதம் குறைந்தால் வெளிச்சம் முப்பது சதவீதம் போய்விடும். பதினைந்து சதவீதம் குறைந்தால் நாற்பது சதவீதத்துக்கு மேல் போய்விடும். அன்றைய ஊர்வலத்தில் இரண்டு தனித்தனிக் குறைகள் ஒன்றின் மேல் ஒன்றாக ஏறியிருந்தன. நடை வேகத்தில் டைனமோ சார்ஜ் கொடுக்கவில்லை. கொடுத்திருந்தாலும் பழைய ஒயரிங் அதை விளக்கு வரை கொண்டுபோய்ச் சேர்த்திருக்காது. ஆல்டர்னேட்டர் மாட்டியிருந்தால் முதல் குறை தீர்ந்திருக்கும். இரண்டாவது குறையின் மேல் கூடுதல் பளு விழுந்திருக்கும்.

பள்ளத்தூர், புதுவயல், தேவகோட்டை என்று பல ஊர்களில் அம்பாசிடரோ, ஃபியட்டோ, ஸ்டாண்டர்ட் ஹெரால்டோ வைத்திருப்பவர்கள் இதே கேள்வியோடு என்னிடம் வருகிறார்கள். எல்லோருக்கும் ஒரே பதில் சொல்ல முடியாது. ஆனால் எந்த வரிசையில் யோசிக்க வேண்டும் என்று சொல்ல முடியும்.

## எதை வைத்து எடை போடுவது

முதல் கேள்வி, வண்டி எந்த வேகத்தில் ஓடும்போது எவ்வளவு மின்சாரம் வேண்டும் என்பது. பகலில் பிள்ளையார்பட்டிக்கும் குன்றக்குடிக்கும் போய்வரும் வண்டியும், இரவில் ஊர்வலம் போகும் வண்டியும் ஒன்றல்ல.

இரண்டாவது, வண்டி எத்தனை நாள் சும்மா நிற்கிறது. நம் பக்கத்தில் இதுதான் பெரிய விஷயம். வீட்டுக்காரர்கள் சென்னையிலோ சிங்கப்பூரிலோ இருப்பார்கள்; வீடு பூட்டியிருக்கும்; பொங்கலுக்கும் முன்னோருக்கான படைப்புக்கும் கல்யாணத்துக்கும் மட்டும் கொட்டகைக் கதவு திறக்கும். மற்ற ஊர்க்காரர்கள் எழுதும் யோசனைகள் பெரும்பாலும் வாரம் ஒருமுறையாவது ஓடும் வண்டிக்கானவை. ஆறு மாதம் நிற்கும் வண்டிக்கு அவை அப்படியே பொருந்தாது.

மூன்றாவது, இப்போது வண்டியில் இருக்கும் ஒயரின் வயதும் நிலையும். நான்காவது, அசல் உருவம் உங்களுக்கு எவ்வளவு முக்கியம், பின்னாளில் பழையபடி மாற்ற வழி இருக்கிறதா என்பது. ஐந்தாவது, கெட்டுப்போனால் காரைக்குடியிலேயே பார்க்க ஆள் இருக்கிறாரா. பணம் எவ்வளவு என்ற கேள்வியை வேண்டுமென்றே கடைசியில் வைக்கிறேன். பொருளின் விலையை விட வேலைக்கூலியும் திரும்பத் திரும்பச் செய்யும் வேலையும்தான் இதில் பணத்தைத் தின்னும்.

## பற்று வரவு எழுதிப் பாருங்கள்

வண்டியின் மின்சாரத்துக்கும் ஒரு பேரேடு உண்டு. செலவுப் பக்கம் ஏறத்தாழ இப்படி வரும்:

| எது எடுக்கிறது | ஆம்பியர் |
|---|---|
| இக்னிஷன் காயில் | 3 – 4 |
| ஹெட்லைட் இரண்டு, டிப்பில், 55 வாட் பல்பு | 9 |
| பார்க்கிங், டெயில், நம்பர் பிளேட், மீட்டர் விளக்குகள் | 2 – 3 |
| வைப்பர் | 3 |
| ஏ.சி. (புளோயர், கண்டென்சர் ஃபேன், கம்ப்ரஸர் கிளட்ச் சேர்த்து) | 20க்கு மேல் |

ஏ.சி. இல்லாத வண்டி இரவில் எடுப்பது 15 ஆம்பியர் சுமார். மழை பெய்தால் 18. அக்காலத்து பிரிட்டிஷ் வழி வண்டிகளில் பரவலாக இருந்த லூகாஸ் சி40 வகை டைனமோ ஓடும் வேகத்தில் 22 ஆம்பியர் வரை கொடுக்கும். அதாவது திருமயம் சாலையில் ஐம்பது கிலோமீட்டர் வேகத்தில் போகும்போது வரவு செலவை விட அதிகம். சிக்கல் ஐடிலிங்கில்தான், அதாவது ஆக்சிலரேட்டரை மிதிக்காமல் என்ஜின் மெல்லச் சுற்றும்போதுதான். என்ஜின் சுற்று ஆயிரத்தைத் தாண்டாத வரை டைனமோவின் வரவு சுழி. ஐம்பது நிமிட ஊர்வலத்தில் 15 ஆம்பியர் வீதம் போனால் பேட்டரியிலிருந்து 12 ஆம்பியர்-மணிக்கு மேல் இறங்கிவிடும். சீரியல் பல்பும் ஹாரனும் தனி. புது பேட்டரி அதைத் தாங்கும். நான்கு வருடப் பேட்டரி தாங்காது.

ஆல்டர்னேட்டர் ஏன் ஐடிலிங்கிலும் சார்ஜ் கொடுக்கிறது? டைனமோவில் உற்பத்தியாகும் மின்சாரம் முழுவதும் சுழலும் ஆர்மேச்சர் சுருளில் இருந்து கம்யூடேட்டர் என்ற செம்புப் பட்டை உருளை, அதன் மேல் உரசும் கார்பன் வழியாகத்தான் வெளியே வர வேண்டும். அதனால் அதை மிக வேகமாகச் சுழற்ற முடியாது. ஆல்டர்னேட்டரில் மின்சாரம் நிற்கும் சுருளில் உற்பத்தியாகி, மின்சாரத்தை ஒரே திசையில் விடும் டையோடு வழியாக வெளியேறுகிறது. கார்பன் வழியாகப் போவது காந்தத்துக்கான சில ஆம்பியர் மட்டுமே. ஆகவே சிறிய புல்லி போட்டு இரண்டு மடங்குக்கு மேல் வேகமாகச் சுழல விடலாம். ஊர்ந்து போகும்போதும் வரவு இருக்கும்.

இந்தப் பேரேட்டை எழுதி முடித்துவிட்டுத்தான் கீழே உள்ள வழிகளைப் பார்க்க வேண்டும்.

## வழி 1: டைனமோவையே செப்பனிடுவது

பலரும் “டைனமோ போய்விட்டது” என்று சொல்லும் வண்டிகளில் போயிருப்பது கார்பனும் பின்பக்கப் புஷ்ஷும்தான். டைனமோவின் வால் பக்கம் ஒரு சிறு எண்ணெய்த் துளை இருக்கும். சர்வீஸின்போது அதில் இரண்டு சொட்டு என்ஜின் ஆயில் விட வேண்டும். அந்தத் துளை இருப்பதே இப்போது பலருக்குத் தெரியாது. எண்ணெய் காணாத புஷ் தேய்ந்து, ஆர்மேச்சர் ஆடி, கம்யூடேட்டரில் பள்ளம் விழுகிறது. லேத்தில் மெல்லச் சீவி, பட்டைகளுக்கு இடையே உள்ள மைக்காவைச் சற்றுக் கீழே இறக்கி, புதுப் புஷ்ஷும் கார்பனும் போட்டால் இன்னும் பல வருடம் ஓடும்.

ஆர்மேச்சரே எரிந்திருந்தால் ரீவைண்டிங் செய்ய வேண்டும். கவனம்: பம்ப்செட் மோட்டார் சுற்றுபவர் எல்லோரும் டைனமோ ஆர்மேச்சர் சுற்றத் தெரிந்தவர்கள் அல்லர். இதற்கு முன் சுற்றிய ஒன்றைக் காட்டச் சொல்லுங்கள்.

டைனமோவின் சார்ஜைக் கட்டுப்படுத்தும் கட்அவுட் பெட்டியின் பாயிண்டுகள் கருகியிருந்தால் சார்ஜ் ஏறாது, அல்லது அளவுக்கு மீறி ஏறிப் பேட்டரித் தண்ணீரைக் கொதிக்க விடும். கழற்றி மாட்டிய டைனமோவை இயக்கும் முன், ஃபீல்ட் முனையில் பேட்டரியின் உயிர் ஒயரை ஒரு நொடி தொட்டு எடுக்க வேண்டும். அப்போதுதான் காந்தத் திசை சரியாக அமையும். இதை மறந்துவிட்டு “செப்பனிட்டும் சார்ஜ் இல்லை” என்று கையைப் பிசைந்தவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

மறைந்திருக்கும் செலவு ஒன்றுதான்: நல்ல டைனமோவும் ஐடிலிங்கில் சார்ஜ் கொடுக்காது. ஊர்வலத்துக்கு விடுவதானால் சீரியல் பல்புக்கு டிக்கியில் தனிப் பேட்டரி வையுங்கள். ஹெட்லைட்டை அணைத்துப் பார்க்கிங் விளக்கை மட்டும் எரிய விடுங்கள். ஊர்வலத்துக்கு முன்னும் பின்னும் வேறு விளக்குகள் வரத்தான் போகின்றன.

ஐம்பது வயதைத் தாண்டிய வண்டியை விண்டேஜ் வாகனமாகப் பதிவு செய்ய நினைப்பவர்களுக்கு இந்த வழி பொருந்தும். 2021ஆம் ஆண்டு மத்திய மோட்டார் வாகன விதித் திருத்தத்தில் அதற்குத் தனி ஏற்பாடு வந்தது. சேஸிஸ், பாடி, என்ஜின் ஆகியவை பெரிய மாற்றம் இன்றி அசல் வடிவில் இருக்க வேண்டும். பதிவுக் கட்டணம் 20,000 ரூபாய், பத்து ஆண்டுக்குச் செல்லும். ஆல்டர்னேட்டர் ஒன்றுக்காக அந்தத் தகுதி போய்விடாது என்றே நினைக்கிறேன். ஆனாலும் அசல் வடிவத்தை விரும்பி அந்தப் பதிவுக்குப் போகிறவர் பானெட்டைத் திறந்தால் டைனமோவைப் பார்க்கத்தான் ஆசைப்படுவார். அப்படிப் பதிந்த வண்டியை அன்றாடம் ஓட்டவோ வாடகைக்கு விடவோ கூடாது என்பதையும் நினைவில் வையுங்கள்.

## வழி 2: டைனமோ இருக்கட்டும், ஒயரிங்கைப் புதிதாக்குவது

நம் பக்கத்து வண்டிகளில் பத்துக்கு ஆறு ஏழுக்கு இதுதான் சரியான வழி என்பது என் தீர்மானமான கருத்து. அதனால் இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

பழைய ஒயரின் மேல்பூச்சு ரப்பரும் பருத்தி நூலுமாக இருக்கும். சித்திரை வெயிலில் தகரக் கொட்டகைக்குள் எத்தனை கோடைகள் வெந்ததோ, இப்போது விரலால் வளைத்தால் பிஸ்கட்போல உதிர்கிறது. பிற்காலத்து பிளாஸ்டிக் பூச்சு உதிராது; ஆனால் அதை எலி விடாது. பூட்டிய வீட்டில் எலிக்கும் அணிலுக்கும் கார்தான் வீடு. எங்கள் வண்டியின் டாஷ்போர்டுக்குப் பின்னால் கையை விட்டபோது வைக்கோல், பஞ்சு, கிழிந்த கல்யாணப் பத்திரிகைத் துண்டு எல்லாம் சேர்ந்த ஒரு கூடு வந்தது. அதன் நடுவில் நீல ஒயர் ஒன்று அரை அங்குலத்துக்குச் செம்பு தெரிய நின்றது. பக்கத்திலேயே பாடித் தகரம். ஒரு குலுக்கலில் அது தொட்டிருந்தால் என்ன ஆகும் என்று நினைத்துப் பாருங்கள். அந்த ஒயருக்கு ஃபியூஸும் கிடையாது.

ஆம், பழைய பிரிட்டிஷ் வழி வண்டிகளில் மொத்தமே இரண்டு கண்ணாடி ஃபியூஸ்தான். ஹெட்லைட்டுக்கு ஃபியூஸே கிடையாது. அந்த ஃபியூஸ்களில் எழுதியிருக்கும் 35 ஆம்பியர் என்பது உருகும் அளவு. தொடர்ந்து தாங்கும் அளவு 17தான். அந்தக் கணக்கு தெரியாமல் இப்போதைய 35 ஆம்பியர் ஃபியூஸை வாங்கிப் போட்டால், ஒயர் உருகி முடித்த பிறகும் ஃபியூஸ் முழுசாக இருக்கும்.

அடுத்து ரிலே, அதாவது சிறு மின்சாரத்தால் பெரிய மின்சாரத்தை இயக்கும் சுவிட்ச். பழைய அமைப்பில் ஹெட்லைட்டுக்கான மின்சாரம் முழுவதும் பேட்டரியில் இருந்து கட்அவுட் பெட்டிக்கு வந்து, டாஷ்போர்டு சுவிட்ச் வழியாக, காலால் மிதிக்கும் டிப்பர் வழியாக, கிரில்லுக்குப் பின்னால் உள்ள இணைப்புகள் வழியாகப் பல்புக்குப் போகிறது. கால் டிப்பர் இருப்பதோ தரையில். மழைக்காலச் சேறு முழுக்க அதன் மேல்தான். ஒவ்வொரு இணைப்பிலும் கொஞ்சம் கொஞ்சமாகத் திருட்டுப் போய்த்தான் அந்த 1.8 வோல்ட் காணாமல் போனது. பேட்டரிக்குப் பக்கத்தில் இரண்டு ரிலே வைத்து, 3 சதுர மில்லிமீட்டர் ஒயரை ஃபியூஸ் வழியாக நேரே பல்புக்குக் கொண்டுபோனால் சுவிட்சும் டிப்பரும் வெறும் சைகை கொடுக்கும் வேலையை மட்டும் செய்யும். அவற்றின் ஆயுளும் கூடும். எங்கள் வண்டியில் ரிலே போட்ட பிறகு, அதே பேட்டரி, அதே பல்பு, கனெக்டரில் 12 வோல்ட். டைனமோவைத் தொடவே இல்லை. ஆத்தங்குடி வளைவில் வெள்ளைக்கோடு தெரிந்தபோது எனக்கு உண்மையிலேயே கண் கலங்கியது. என் தகப்பனார் இந்த வண்டியை இருபது வருடம் அந்த மங்கல் வெளிச்சத்தில் ஓட்டியிருக்கிறார்.

எர்த் இணைப்பை யாரும் கண்டுகொள்வதில்லை. போன மின்சாரம் திரும்பி வர வேண்டும் அல்லவா? பேட்டரியில் இருந்து பாடிக்கும், என்ஜினில் இருந்து பாடிக்கும் போகும் பட்டைகளின் அடியில் பெயிண்டையும் துருவையும் சுரண்டி வெறும் இரும்பில் முடுக்க வேண்டும். சோதனை எளிது: மீட்டரின் ஒரு முனையைப் பேட்டரியின் எர்த் முனையிலும் மற்றதை என்ஜின் பிளாக்கிலும் வைத்து செல்ஃப் அடியுங்கள். அரை வோல்ட்டுக்கு மேல் காட்டினால் எர்த் சரியில்லை.

கடைசியாக, பேட்டரிக்கு ஒரு துண்டிப்பு சுவிட்ச். ஊருக்குக் கிளம்பும்போது திருகி அணைத்துவிட்டுப் போகலாம். விலை குறைந்த இந்த ஒரு பொருளை எல்லா வண்டிக்கும் எந்த யோசனையும் இன்றிப் போடலாம். மின்வேதியியல் ஆய்வுக்கென்றே அழகப்பச் செட்டியார் நிலமும் பணமும் கொடுத்து மத்திய ஆய்வு நிறுவனத்தைக் கொண்டுவந்த ஊர் காரைக்குடி. அந்த ஊரின் கார் கொட்டகைகளில் ஈயப் பேட்டரிகள் வருடா வருடம் சல்பேட் படிந்து வீணாகின்றன. இறங்கிய நிலையில் மாதக்கணக்கில் கிடக்கும் பேட்டரியை எந்த டைனமோவும் எந்த ஆல்டர்னேட்டரும் பிழைக்க வைக்காது.

மறைந்திருக்கும் செலவு: நேரம். வண்டியின் மொத்த ஒயர்க் கட்டான ஹார்னஸை முறையாகக் கட்ட ஒரு வாரத்துக்கு மேல் ஆகும். சீட்டையும் கார்ப்பெட்டையும் கழற்ற வேண்டும். கழற்றும்போது உடையும் கிளிப்புகள், ரப்பர்கள் தனிக் கணக்கு.

## வழி 3: பழைய ஒயரிங்கில் ஆல்டர்னேட்டரை மட்டும் மாட்டுவது

வேண்டாம். பெரும்பாலும் நடப்பது இதுதான் என்பதால்தான் இதற்கும் ஓர் இடம் கொடுக்கிறேன். அரை நாளில் முடிந்துவிடும், செலவும் குறைவு, ஊர்வலத்தில் விளக்கும் முன்புபோல மங்கிக்கொண்டே போகாது.

தேவகோட்டையில் ஒரு வீட்டு வண்டியில் பார்த்தேன். ஆறு மாதம் நின்ற வண்டி; செத்த பேட்டரி. வேறொரு காரில் இருந்து ஒயர் கொடுத்து ஸ்டார்ட் செய்து திருப்பத்தூர் வரை போயிருக்கிறார்கள். காலியான பேட்டரி கையில் கிடைத்ததை எல்லாம் விழுங்கும். ஆல்டர்னேட்டரும் தன்னால் முடிந்ததை எல்லாம் கொடுக்கும். 22 ஆம்பியருக்குப் போட்ட ஒயரில் நாற்பது போனது. பழைய கட்அவுட் பெட்டியைச் சந்திப்பாக வைத்து அதன் வழியாகவே இணைத்திருந்தார்கள். நான் பார்த்தபோது அந்தப் பித்தளைத் திருகு நீலம் பாய்ந்திருந்தது. அதைச் சுற்றி பேக்கலைட் அப்பளம்போலப் பொரிந்திருந்தது. டாஷ்போர்டில் முப்பது ஆம்பியர் வரைதான் காட்டும் ஆம்மீட்டர் இருந்தால், அத்தனை மின்சாரமும் ஓட்டுபவரின் முழங்காலுக்கு எதிரேதான் போய்வரும். நெருப்புக்கு இதைவிட நல்ல இடம் கிடையாது.

## வழி 4: ஆல்டர்னேட்டரும் புது ஒயரிங்கும் சேர்த்து

அடிக்கடி இரவில் ஓடும் வண்டி, ஏ.சி. போட்ட வண்டி, கானாடுகாத்தான் பக்கம் விடுதியாக மாறிய வீடுகளில் விருந்தினரை ஏற்றி வரும் வண்டி, கல்யாண சீசன் முழுக்க ஊர்வலம் போகும் வண்டி: இவற்றுக்கு இதுதான் வழி. முழுதாகச் செய்தால் அற்புதமான மாற்றம். அரைகுறையாகச் செய்தால் வழி 3தான்.

அளவு முதலில். ஏ.சி. இல்லாவிட்டால் 35 முதல் 45 ஆம்பியர் போதும், ஏ.சி. இருந்தால் 55, 60. அதற்கு மேல் பெரிதாக வாங்கி மாட்டுவதில் லாபம் இல்லை. அம்பாசிடரில் டைனமோவையும் வாட்டர் பம்பையும் சுழற்றுவது ஒரே பெல்ட். பெரிய ஆல்டர்னேட்டர் முழுப் பளுவில் இழுக்கும்போது பெல்ட் வழுக்கும். வழுக்காமல் இருக்க இறுக்கினால் வாட்டர் பம்ப் பேரிங் போகும். நீளமான பகுதியில் விரலால் அழுத்தினால் அரை அங்குலம் இறங்க வேண்டும், அதுதான் அளவு.

பொருத்துவதில் ஒரு சிக்கல். டைனமோவின் காதுகளுக்கு இடையே உள்ள தூரம் வேறு, ஆல்டர்னேட்டருடையது வேறு. லேத் பட்டறையில் புஷ்ஷும் பிராக்கெட்டும் செய்ய வேண்டியிருக்கும். மூன்று புல்லிகளும் ஒரே கோட்டில் நிற்கின்றனவா என்று நேரான பட்டையை வைத்துப் பார்க்காமல் பணம் கொடுக்காதீர்கள். இரண்டு மில்லிமீட்டர் விலகினாலும் பெல்ட் ஓரத்தில் நார் நாராகக் கிழியும். பல வரிப் பள்ளம் உள்ள புல்லியோடு வந்தால் வி-பெல்ட்டுக்கான புல்லியை மாற்ற வேண்டும்.

ஒயரில் மூன்று கட்டாயங்கள். ஆல்டர்னேட்டரின் பெரிய முனையில் இருந்து செல்ஃப் மோட்டாருக்கு மின்சாரம் விடும் சாலினாய்டின் பேட்டரிப் பக்கத்துக்கு, கட்அவுட் பெட்டியைத் தொடாமல், நேரே ஒரு புது ஒயர். 45 ஆம்பியருக்கு 8 சதுர மில்லிமீட்டரும் அதற்கேற்ற ஃபியூஸும். ஆம்மீட்டருக்குப் பதில் அதே வட்டத்தில் வோல்ட்மீட்டர். டாஷ்போர்டின் சிவப்பு சார்ஜ் விளக்கு பழைய இழை பல்பாகவே இருக்க வேண்டும். அந்தச் சிறு பல்பு வழியாகப் போகும் மின்சாரம்தான் ஆல்டர்னேட்டரின் காந்தத்தை எழுப்புகிறது, அழகுக்காக எல்.ஈ.டி. போட்டாலோ பல்பு ஃபியூஸ் ஆனாலோ சார்ஜ் ஏறாமல் போகலாம்.

பேட்டரியின் எந்த முனை பாடியில் இணைந்திருக்கிறது என்று பாருங்கள். அறுபதுகளின் பாதி வரை வந்த பிரிட்டிஷ் வண்டிகள் பலவற்றில் பாசிட்டிவ் முனைதான் எர்த். இப்போதைய ஆல்டர்னேட்டருக்கு நெகட்டிவ் எர்த் வேண்டும். பார்க்காமல் இணைத்தால் டையோடுகள் கண் இமைக்கும் நேரத்தில் போய்விடும். மாற்றும்போது இக்னிஷன் காயிலின் இரு ஒயர்களையும் இடம் மாற்ற வேண்டும். பழைய ரேடியோ இருந்தால் முதலில் அதைக் கழற்றுங்கள்.

இந்த வழியின் மறைந்த செலவுகள் பழக்கத்தில்தான் இருக்கின்றன. என்ஜின் ஓடும்போது பேட்டரி டெர்மினலைக் கழற்றி “சார்ஜ் வருகிறதா” என்று பார்ப்பது டைனமோ காலத்து மெக்கானிக்குகளின் கைப்பழக்கம். ஆல்டர்னேட்டரில் அப்படிச் செய்தால் வோல்ட்டேஜ் துள்ளி டையோடும் ரெகுலேட்டரும் எரியும். வெல்டிங் வைக்கும்போதும் ஒயர்களைக் கழற்றியாக வேண்டும்.

பூட்டிய வீட்டுக்காரர்களுக்கு இன்னொன்று. டைனமோவில் கொஞ்சம் காந்தம் எப்போதும் தங்கியிருக்கும். பேட்டரி முழுதாக இறங்கினாலும் வண்டியைத் தள்ளி வேகம் எடுத்தால் தானாகவே உயிர் பிடிக்க வாய்ப்புண்டு. ஆல்டர்னேட்டருக்குக் கொஞ்சமாவது பேட்டரி உயிர் வேண்டும். முற்றிலும் செத்த பேட்டரியோடு தெரு முழுக்கத் தள்ளினாலும் பயன் இல்லை. வெளியூரில் இருந்து வந்து இறங்கும் நாளில் வண்டியை எடுப்பவர், முந்தின நாளே யாரையாவது விட்டுச் சார்ஜரில் போடச் சொல்ல வேண்டும்.

## வழி 5: டைனமோ உருவத்தில் ஆல்டர்னேட்டர்

வெளியில் இருந்து பார்த்தால் டைனமோ, உள்ளே ஆல்டர்னேட்டர். பிராக்கெட், பெல்ட், புல்லி எதையும் மாற்ற வேண்டாம். இங்கிலாந்தில் இருந்து வரவழைக்க வேண்டும்; விலை, வரி, கூரியர் எல்லாம் சேர்ந்து உள்ளூர் ஆல்டர்னேட்டரைப் போலப் பல மடங்கு ஆகும். கெட்டுப்போனால் இங்கே பிரித்துப் பார்க்க ஆள் இல்லை. ஒயரிங் வேலை வழி 4க்கு உள்ளது எல்லாம் இதற்கும் உண்டு. கண்காட்சிக்கும் போக வேண்டும், இரவிலும் ஓட்ட வேண்டும், பணமும் தடையில்லை என்பவர் மட்டும் யோசிக்கலாம்.

## பக்கத்தில் பக்கத்தில் வைத்தால்

| | டைனமோ செப்பனிடல் | டைனமோ + புது ஒயரிங் | ஆல்டர்னேட்டர் + பழைய ஒயரிங் | ஆல்டர்னேட்டர் + புது ஒயரிங் | டைனமோ உருவ ஆல்டர்னேட்டர் |
|---|---|---|---|---|---|
| ஐடிலிங்கில் சார்ஜ் | இல்லை | இல்லை | உண்டு | உண்டு | உண்டு |
| ஹெட்லைட் வெளிச்சம் | பழையபடி | மிக நன்று | சுமார் | மிக நன்று | ஒயரிங்கைப் பொறுத்தது |
| தீ அபாயம் | ஒயரைப் பொறுத்தது | மிகக் குறைவு | அதிகம் | குறைவு | ஒயரைப் பொறுத்தது |
| ஏ.சி. தாங்குமா | தாங்காது | தாங்காது | ஒயர் தாங்காது | தாங்கும் | அளவைப் பொறுத்தது |
| உள்ளூரில் பழுது பார்க்க | ஆள் குறைந்து வருகிறார்கள் | எளிது | எளிது | எளிது | இல்லை |
| பழையபடி மாற்ற | தேவையில்லை | தேவையில்லை | முடியும் | டைனமோவைப் பத்திரமாக வைத்தால் முடியும் | முடியும் |

நான்காம் வழிக்குப் போகிறவர்களும் இரண்டாம் வழியின் வேலையை முதலில் முடித்துவிட்டு ஒரு சீசன் ஓட்டிப் பாருங்கள் என்பதே என் யோசனை. பாதிப் பேருக்கு ஆல்டர்னேட்டர் தேவையே இல்லை என்பது அப்போது தெரிந்துவிடும். தேவைப்பட்டாலும் போட்ட ஒயர் வீணாகாது. எங்கள் வண்டி இப்போது இரண்டாம் வழியில் நிற்கிறது. பிரதான ஒயரை மட்டும் நாளைய ஆல்டர்னேட்டரை நினைத்து 8 சதுர மில்லிமீட்டரில் போட்டு வைத்திருக்கிறேன்.

## ஹார்னஸை யாரிடம் செய்வது

ரெடிமேட் ஹார்னஸ் சில மாடல்களுக்குக் கிடைக்கிறது. அம்பாசிடருக்குத் தேடினால் அகப்படும். ஹெரால்டுக்கு அலைய வேண்டும். வாங்கும் முன் ஒரு முனையை வெட்டிப் பாருங்கள். உள்ளே செம்புக்குப் பதில் செம்புப் பூச்சு பூசிய அலுமினியம் இருக்கலாம். கத்தியால் சுரண்டினால் வெள்ளை தெரியும்.

உள்ளூர் எலக்ட்ரீஷியனிடம் கட்டுவதானால் ஒரே ஒரு நிபந்தனை: அசல் நிறங்கள். பழுப்பு பேட்டரி உயிர், வெள்ளை இக்னிஷன், பச்சை ஃபியூஸுக்குப் பிந்தைய இக்னிஷன் வரிசை, நீலம் ஹெட்லைட், சிவப்பு டெயில், கறுப்பு எர்த். கையில் இருக்கிறது என்று எல்லாவற்றையும் சிவப்பிலேயே இழுத்துவிட்டால், பத்து வருடம் கழித்து உங்கள் பிள்ளை எந்த ஒயர் எங்கே போகிறது என்று தேடி மறுபடியும் முழுதாகப் பிரிக்க வேண்டியிருக்கும். ஒவ்வொரு முனையிலும் லக் என்ற உலோக முனையை வைத்து அழுத்த வேண்டும். முறுக்கி டேப் சுற்றிய இணைப்பு ஒன்று கூட இருக்கக் கூடாது. தகரத்தைத் துளைத்துப் போகும் இடங்களில் ரப்பர் வளையம் கட்டாயம்.

டெயில் விளக்கையும் மீட்டர் விளக்கையும் எல்.ஈ.டி. ஆக்குவது டைனமோ வண்டிக்கு நல்ல சேமிப்பு. இண்டிகேட்டரை மாற்றினால் பழைய ஃப்ளாஷர் சரியாகத் துடிக்காது. எலக்ட்ரானிக் ஃப்ளாஷர் வேண்டும். பழைய ஹெட்லைட் கண்ணாடிக்குள் எல்.ஈ.டி. பல்பு மட்டும் வேண்டாம். ஒளி சிதறி எதிரே வருபவரின் கண்ணைக் கூச வைக்கும். சாலையிலோ போதிய வெளிச்சம் விழாது.

## வண்டியைத் திரும்ப எடுக்கும்போது

என்ஜின் அணைந்திருக்கும்போது பேட்டரியில் 12.6 வோல்ட் பக்கம் காட்ட வேண்டும். ஓடும்போது, சுற்றைச் சற்றுக் கூட்டினால் 13.8 முதல் 14.4 வரை, அதற்கு மேல் போனால் ரெகுலேட்டரைப் பார்க்கச் சொல்லுங்கள். பின்பு ஹெட்லைட், வைப்பர் எல்லாவற்றையும் போட்டுப் பல்பின் கனெக்டரில் அளந்து பாருங்கள். பேட்டரிக்கும் அதற்கும் அரை வோல்ட்டுக்கு மேல் வித்தியாசம் கூடாது. எல்லாம் எரிந்தபடியே அரை மணி நேரம் ஓட்டிவிட்டு நிறுத்தி, பானெட்டைத் திறந்து, பெரிய ஒயர் முடியும் ஒவ்வொரு இணைப்பின் மேலும் விரலை வைத்துப் பாருங்கள். வெதுவெதுப்பு பரவாயில்லை. விரலை எடுக்க வைக்கும் சூடு எந்த இணைப்பில் இருக்கிறதோ, அதை அங்கேயே, உங்கள் கண் முன்னாலேயே, எலக்ட்ரீஷியனைப் பிரித்து மறுபடி அழுத்தச் சொல்லிவிட்டுப் பணத்தைக் கொடுங்கள்.